உக்கின விறகுக்குள்ள வெள்ளைத் தும்பு: கண்ட ஆக்கள் சொல்லுங்கோ

ஒட்டுசுட்டான்காரி:
மாரிக்கு முந்தி விறகு கொத்துவம் எண்டு, வளவில கனகாலமா விழுந்து கிடந்த மாமரத்தைப் பிளந்தம். தோல் நல்லாத்தான் இருந்தது. உள்ளுக்கு வெள்ளை வெளேரெண்டு தும்பு. கையாலயே உரிக்கலாம், பாரமே இல்லை. கறையானைக் காணேல்லை, அடிப்பக்கம் தட்டுத் தட்டாக் காளான் இருந்தது. அடுப்பில வைச்சால் குபீரெண்டு எரிஞ்சு முடியுது, தணல் நிக்காது. வேற ஆரும் இப்பிடிக் கண்டனீங்களோ?

குளத்தடி:
ஓம், எங்கட அலைகரையில பட்டுப்போன மருதிலயும் உதேதான்.

அறிவியல்நகர்:
அது வெள்ளை அழுகல்: பங்கசு, அதாவது காளான் சாதி, மரத்தை உக்கவைக்கிற ஒரு விதம். கிளிநொச்சியில விவசாயம் படிக்கேக்கை நுணுக்குக்காட்டியில பாத்தனான். மரத்தைப் பழைய மண்வீட்டுச் சுவர் எண்டு நினையுங்கோ: செலுலோசு வரிச்சுத் தடி, இலிக்னின் அதைப் பூசி இறுக்கின மண். கனக்கப் பங்கசுகளுக்கு அந்த மண்ணை உடைக்க ஏலாது. வெள்ளை அழுகல் பங்கசுகள் இலிக்னின் பேரொட்சிடேசு, மங்கனீசுப் பேரொட்சிடேசு, இலக்கேசு எண்ட நொதியங்களை வெளியில சுரந்து உடைக்கும். எல்லாப் பங்கசிலயும் மூண்டும் இருக்காது. முதல் ரெண்டுக்கும் ஐதரசன் பேரொட்சைட்டு வேணும், அதையும் பங்கசே செய்துகொள்ளும். இலக்கேசுக்குக் காத்தில இருக்கிற ஒட்சிசன் போதும். இலிக்னின் பேரொட்சிடேசு வெளியில தெரியவந்ததே 1983இலதான்.

எனக்குப் பிடிச்ச விசயம் வேற. நொதியம் உருவத்தில பெரிசு, பழுதாகாத கலச்சுவருக்குள்ள நுழையாது. அதால மங்கனீசு அயனை ஒட்சியேற்றி உள்ளுக்கு விடும். வேலையைப் பாக்கிறது அந்தச் சின்ன அயன். இவ்வளவு பாடுபட்டும், இலிக்னினை மட்டும் திண்டு பங்கசு வளராது. அதுக்கு வேண்டியது உள்ளுக்கு இருக்கிற செலுலோசு! தணலுக்குக் கரி குடுக்கிறதில இலிக்னினுக்குப் பெரிய பங்கு. அது போனாப் பிறகு தணல் எங்கால நிக்கிறது?

நெடுங்கேணி:
எங்கட கதை மறுவளம். சாமான் வந்த பைன் பலகைப் பெட்டியொண்டு கொட்டிலுக்குப் பின்னால நனைஞ்சு கிடந்தது. கபிலமாகி, சதுரம் சதுரமா வெடிச்சு, நசிச்சால் மாவாப் போகுது.

அறிவியல்நகர்:
உது கபில அழுகல். செலுலோசைத் திண்டுபோட்டு இலிக்னினைப் பெரும்பாலும் விட்டிட்டுப் போற ஆள். பைன் மாதிரி மென்மரமெண்டால் அவருக்கு நல்ல விருப்பம்.

குளத்தடி:
தங்கச்சி சிப்பிக் காளான் பை போடுறவ. மரத்தூள், தவிடு, கொஞ்சம் சுண்ணாம்பு. அந்தக் காளானும் வெள்ளை அழுகல் சாதிதானாம். ஆய்ஞ்சு முடிஞ்ச பையைப் பிரிச்சால் தூள் வெளிறி, சோந்துபோய்க் கிடக்கும். மரஆலையில முதிரைத் தூள் சும்மா கிடைக்குதெண்டு கொண்டுபோனன், வேண்டாமெண்டிட்டா. வைரத்தில ஊறியிருக்கிற சாமான் பங்கசுக்கு ஆகாதாம். முதிரைக் கட்டை லேசில உக்காததும் உதாலதானாம்.

ஒட்டுசுட்டான்காரி:
அப்ப மிச்சத் தும்பைக் கத்தரிப் பாத்திக்குள்ள தாட்டுவிடலாமோ?

அறிவியல்நகர்:
தாட்டுவிடுங்கோ, ஆனால் மாட்டெருவோட. உக்கிற மரம் மண்ணில கிடக்கிற நைதரசனை இழுக்கும். தனியத் தாட்டால் கத்தரி மஞ்சளடிக்கும்.