கிணத்துல நீச்சல் பழகினவன் கடல்ல 5 கிலோமீட்டர் நீந்த முடியுமா? வழி சொல்லுங்க

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 43 வயசு. காவேரிப்பட்டணம் பக்கத்துல மாந்தோப்பு, கொஞ்சம் ராகி வெள்ளாமை. வர்ற பிப்ரவரி கடைசியில புதுச்சேரி பக்கம் கடல்ல 5 கிலோமீட்டர் நீந்துறதுக்கு ஒரு குழுவுல பேர் குடுத்திருக்கேன். இன்னும் அஞ்சு மாசம் இருக்கு.

1994ல நான் ஏழாவது படிச்சேன். டீக்கடைப் பேப்பர்ல குற்றாலீஸ்வரன் படம் வந்தது. என் வயசுப் பையன் பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திட்டான்னு கடைக்காரர் சத்தமாப் படிச்சார். அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிட்டு வந்து கணக்கு நோட்டுக்குள்ள வெச்சிருந்தேன். அன்னிலேர்ந்து மனசுல கிடக்குற ஆசை இது.

எங்க கிணறு 50 அடிக்கு 50 அடி, கல்லுக் கட்டு. இடுப்புல சுரைப்புருடையைக் கட்டி அப்பா தள்ளிவிட்டுக் கத்துக்குடுத்தார். அதனால தலையைத் தூக்கிக்கிட்டேதான் நீந்த வரும். ஓசூர்ல ஒரு தனியார் குளம் இருக்கு, 25 மீட்டர். போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல ஆகுது, ஞாயித்துக்கிழமை மட்டும்தான் முடியும். போன வாரம் அங்க 1 கிலோமீட்டர் 29 நிமிஷத்துல நீந்தினேன். ஏறினதும் கழுத்து பிடிச்சுக்கிச்சு, ரெண்டு நாள் திரும்ப முடியல.

மீதி ஆறு நாளும் கிணறுதான். பத்து வீச்சு போட்டா சுவர் வந்துடுது. இதுல நெடுந்தூரம் எப்படிப் பழகுறது? கிருஷ்ணகிரி கேஆர்பி டேம்ல இறங்கிப் பழகுன்னு கூட்டாளி ஒருத்தன் சொல்றான். இன்னொருத்தன் ஒகேனக்கல்ங்கிறான்.

போன கோடையில பக்கத்து ஊர் ஏரியில ஒரு பையன் போயிட்டான். அதுலேர்ந்து நான் தனியாக் கிணத்துல இறங்குனா வீட்டுல அவ பேசுறதே இல்ல. அவ பயம் நியாயம்தான். அவளுக்கும் சேர்த்துப் பதில் சொல்லுங்க.

பென்னாகரம் பரிசல் வீடு:

அண்ணா, ஒகேனக்கல் பேச்சையே விட்டுடுங்க. எங்கப்பா நாப்பது வருஷமாப் பரிசல் ஓட்டுறார். அவரே பாறை இடுக்குல இறங்க மாட்டார். மேல அமைதியாத் தெரியும், அடியில சுழி இருக்கும். பாறைக்கு அடியில போனவங்களை எடுக்கவே நாளாகும். காவிரியில முதலையும் உண்டு. காவிரி நம்ம மாநிலத்துக்குள்ள வர்ற பிலிகுண்டுலுவுல தண்ணி வரத்து கூடுச்சுன்னு சொன்னா நாங்க பரிசலையே கரையேத்திடுவோம்.

டேமும் வேண்டாம். அங்க குளிக்கவே விடமாட்டாங்க. மீன் வலை கட்டியிருக்கிறது தண்ணிக்கு மேல தெரியாது, கால் மாட்டினா உதறி எடுக்க முடியாது. கரையோரம் இடுப்பு வரைக்கும் சேறு.

ஓசூர் நைட் ஷிப்ட்:

வணக்கம்ண்ணா. நான் ரெண்டு தடவை கடல்ல 5 கிலோமீட்டரும் ஒரு தடவை 10 கிலோமீட்டரும் முடிச்சவன். நானும் கிணத்துலதான் நீச்சல் பழகினேன். உங்க கிணறு போதும்.

முதல்ல கழுத்து வலி. தலை மேல இருந்தா இடுப்பும் காலும் கீழ தொங்கும், அந்த பாரத்தை இழுத்துக்கிட்டே போறீங்க. முகத்தைத் தண்ணிக்குள்ள வெச்சு நேரா அடியைப் பாருங்க. மூச்சை அங்கேயே விட்டுடுங்க, முகத்தைத் திருப்புறப்போ இழுக்கிற வேலை மட்டும்தான் இருக்கணும். கிணத்துல பழகினவங்க எல்லாரும் தம் கட்டி நீந்துவோம். அதை மறக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

அடுத்தது கயிறு. லாரி ட்யூபை நீளமா வெட்டிக்கோங்க. ஒரு முனையைப் படிக்கட்டுக் கல்லுலயோ இரும்பு வளையத்துலயோ கட்டுங்க. மறு முனையில நூல் கயிறு சேர்த்து, இடுப்புல அகலமான பெல்ட்டுல மாட்டிக்கோங்க. இப்ப நீந்தினா இருக்குற இடத்துலயே இருப்பீங்க, சுவரே வராது. தூரத்தைக் கணக்குப் பண்ணாதீங்க, நேரத்தைப் பாருங்க. முதல் வாரம் பத்து நிமிஷம் மூணு தடவை. மெல்ல மெல்ல நிக்காம 90 நிமிஷத்துக்குக் கொண்டு வாங்க. முடிச்சு ஒரே இழுப்புல அவிழணும், அதைக் கண்ணை மூடிக்கிட்டுப் பத்து தடவை அவிழ்த்துப் பாருங்க. இறங்குறதுக்கு முன்னாடி மோட்டார் ஃபியூஸைப் புடுங்கிப் பாக்கெட்டுல... இல்ல, கரையில உக்காந்திருக்கிறவங்க கையில குடுத்துடுங்க. சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. எங்க பக்கம் மோட்டார் வயர் கசிஞ்சு ஒரு உயிர் போயிருக்கு.

சுவரை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, 25 மீட்டர் குளத்துல 5 கிலோமீட்டர்ங்கிறது 200 நீளம். ஒவ்வொரு தடவையும் சுவரை உதைக்கிறப்போ மூணு மீட்டராவது கை போடாமலேயே போயிடும். கூட்டிப் பாத்தா 600 மீட்டர் நீங்க நீந்தவே இல்ல. கடல்ல அந்த ஓய்வு கிடையாது.

ஞாயித்துக்கிழமைக் குளத்தை வேகம் பாக்க வெச்சுக்கோங்க. 400 மீட்டர் முழு மூச்சுல, நல்லா ஓய்வெடுத்துட்டு 200 மீட்டர். 400க்கு 10 நிமிஷம் 20 செகண்ட், 200க்கு 4 நிமிஷம் 50 செகண்ட்னு வெச்சுப்போம். வித்தியாசம் 5 நிமிஷம் 30 செகண்ட், அதுல பாதி 2 நிமிஷம் 45 செகண்ட். 100 மீட்டருக்கு நீங்க தாக்குப்பிடிக்கிற வேகம் அதுதான். அந்தக் கணக்குல 5 கிலோமீட்டர் 2 மணி 17 நிமிஷம். கடல்ல இன்னும் கூடும்.

குளத்து அடியில இருக்குற மாதிரி கடல்ல கோடு கிடையாது. எட்டு வீச்சுக்கு ஒரு தடவை கண்ணை மட்டும் தண்ணிக்கு மேல தூக்கி, கரையில உயரமான ஒண்ணைப் பாக்கணும். கிணத்து மேட்டுல தென்னை மரம் இருந்தா அதையே பாத்துப் பழகுங்க. முகத்தை முழுசாத் தூக்கினா கால் உடனே தாழும், நீங்களே உணர்வீங்க.

கரையில ஆள் இல்லாம ஒரு நாளும் இறங்காதீங்க. 2010ல ஐக்கிய அரபு அமீரகத்துப் புஜைராவுல நடந்த 10 கிலோமீட்டர் போட்டியில அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் இறந்துபோனார். உலகத் தரத்து வீரர், சூடான கடல். கடைசிக் கட்டத்துல அவர் மூழ்கினதை யாரும் பாக்கல. தண்ணி 31 டிகிரிக்கு மேல இருந்தா போட்டி கூடாதுன்னு விதி வந்தது அதுக்கப்புறம்தான். அண்ணி கோவப்படுறதுல தப்பே இல்ல. அவங்களையே கிணத்து மேட்டுல உக்கார வைங்க.

தருமபுரி பிசியோ:

அண்ணா, தோள் விஷயம் மட்டும் சொல்றேன். மாமரம் கவாத்து பண்றப்போ கையைத் தூக்கியே வேலை செய்றீங்க, நீச்சலுக்கும் அதே தசைதான். கவாத்து அடிக்கிற நாள்ல நீந்தாதீங்க. மொத்த நேரத்தை ஒரு வாரத்துக்கு மறுவாரம் பத்துல ஒரு பங்குக்கு மேல கூட்டாதீங்க. கை தண்ணியில இறங்குறப்போ தோளுக்கு நேரா இறங்கணும், தலைக்கு முன்னாடி குறுக்கே போகக் கூடாது. ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியாம மேல்கை வலிச்சா, அன்னிக்கே நிறுத்திட்டு யாராவது பிசியோகிட்ட காட்டுங்க.

கடலூர் கரைக்காரன்:

நான் மீனவர் வீட்டுப் பிள்ளை, இப்ப கிருஷ்ணகிரியில பேங்க் வேலை. நீரோட்டத்தை எங்க பக்கம் நீவாடுன்னு சொல்லுவோம். ஐப்பசி, கார்த்திகையில வடக்கேயிருந்து தெக்க இழுக்கும். மாசி வாக்குல திரும்பும். நீங்க நீந்துறது சரியா அந்த நேரம். அன்னிக்கு எந்தப் பக்கம் போகுதுன்னு காலையில வலை போட்டுட்டு வர்றவங்களைக் கேளுங்க, செல்போனை நம்பாதீங்க. விடியறப்பவே இறங்கிடணும், பத்து பதினோரு மணிக்கு மேல கடக்காத்து ஏறிடும்.

போறதுக்கு முன்னாடி ரெண்டு தடவையாவது வந்து கடல்ல இறங்கிப் பாருங்க. உப்புத் தண்ணி உடம்பைத் தூக்கும், அது சுகம். ஆனா ஒரு மணி நேரத்துல நாக்கு தடிச்சுப்போகும், அக்குளும் கழுத்தும் உரசிப் புண்ணாகும். வாசலினை வேற யாரையாவது தடவச் சொல்லுங்க. அந்தக் கையோட நீச்சல் கண்ணாடியைத் தொட்டா அப்புறம் ஒண்ணும் தெரியாது. சொறி, அதான் ஜெல்லி மீன், பட்டா தேய்க்காதீங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க, கடல் தண்ணியிலயே அலசுங்க. கரைக்கு வந்து பொறுக்குற சூட்டுல வெந்நீர் விட்டா வலி குறையும்.

அரை மணிக்கு ஒரு தடவை ஏதாவது குடிக்கணும். படகுலேர்ந்து பாட்டிலைக் கயித்துல கட்டிப் போடுவாங்க, மல்லாந்து மிதந்துகிட்டே குடிக்கப் பழகிக்கோங்க. ராகிக் கஞ்சியை நல்லா வடிகட்டி, உப்பும் வெல்லமும் போட்டு முதல்ல கிணத்துலயே குடிச்சுப் பாருங்க. வயித்துக்கு ஒத்துக்கலைன்னா அங்கேயே தெரிஞ்சிடும்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:

மூணு வாரம் ஆச்சு, அதான் எழுதுறேன். ஆளாளுக்கு உக்காந்து இவ்வளவு எழுதியிருக்கீங்க, ரொம்ப நன்றி.

டேம், ஒகேனக்கல் ரெண்டையும் விட்டாச்சு. பஞ்சர் கடையில பழைய லாரி ட்யூப் வாங்கி ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டினேன். முதல் நாள் பெல்ட் ஏறி நெஞ்சுல வந்து நின்னுச்சு. அப்புறம் மாட்டுக்குக் கட்டுற அகல நாடாவை வெச்சுத் தைச்சேன், இப்ப இடுப்புலயே நிக்குது. ட்யூப் முழுசா இழுபட்டு நிக்கிற இடத்துக்கு நேரா சுவர்ல ஒரு வெள்ளைக் கல் இருக்கு. சோர்ந்தா அந்தக் கல்லுலேர்ந்து பின்னால போயிடுறேன். கையை நல்லா இழுத்தா திரும்ப அது கண்ணுக்கு நேரா வருது. வேகத்துக்கு அதுதான் இப்ப எனக்கு அளவு.

ரெண்டாவது வாரம் வரைக்கும் மூச்சு விடுறது பெரிய பாடா இருந்தது. மூக்குல தண்ணி ஏறி இருமி இருமி நிறுத்தினேன். போன செவ்வாய்க்கிழமை என்னமோ தானா வந்துடுச்சு. அன்னிக்குப் பத்து நிமிஷம் மூணு தடவையும் நிக்கவே இல்ல. கழுத்து வலி இல்ல. கவாத்து இருந்த ரெண்டு நாள் இறங்கல.

உங்க பதிலையெல்லாம் வீட்டுல அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். மறுநாள் காலையில அஞ்சரை மணிக்கு அவளே கிணத்து மேட்டுல வந்து உக்காந்தா. எங்களுக்கு மூணு ஃபேஸ் கரண்ட் மத்தியானம்தான் வருது. இருந்தாலும் ஃபியூஸை வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டுதான் இறங்கச் சொல்றா. மோட்டார் ரூம் சுவர்ல கரித்துண்டால அவ தினமும் நிமிஷம் எழுதுறா. இன்னிக்கு 36, மூணு தடவை பன்னெண்டு.

தென்னை மரத்தைப் பாக்குறதுதான் இன்னும் சரியா வரல, எட்டாவது வீச்சுல தலை முழுசா எழும்பிடுது. ஓசூர் தம்பி, இடது பக்கம் மூச்சு எடுக்குறப்போ பாத்தா சுலபமா இருக்குமா, இல்ல வலது பக்கமா?