1971 ஹோண்டா சிபி350: ஒரிஜினல் ரிம்முக்கு எந்த டயர் சைஸ்?

பொங்கோல்_ட்வின்:
வணக்கம் அண்ணன்மாரே. 1971 சிபி350 பைக், கிளாசிக் பிளேட் (சிங்கப்பூரில் பழைய வண்டிக்கான, குறைந்த நாள் ஓட்டும் பதிவு). ரெண்டு சக்கரமும் கம்பெனியில் வந்த இரும்பு ரிம், ஸ்போக், டியூப். மேனுவலில் முன்னால் 3.00-18, பின்னால் 3.50-18 என்று இருக்கு. கடையில் கையிருப்பு 100/90-18, 110/90-18 மட்டும்தான். “அதே 18 தானே, ஏறிடும், ரோட்டையும் நல்லாப் பிடிக்கும்” என்கிறார்கள். ரிம்மை மாற்றும் எண்ணம் இல்லை. வாங்கலாமா?

நிப்பிள்_கீ:
ஏறும். ஆனா போடாதீங்க.

18 என்பது இஞ்ச் கணக்கில் ரிம் விட்டம் மட்டும்தான்; 100/90 என்றால் டயர் அகலம் 100 மி.மீ., உயரம் அதில் 90 சதவீதம். எந்த டயர் பொருந்தும்னு தீர்மானிக்கிறது ரிம்மோட அகலம். ரிம்மைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சுப் பாருங்க, அளவு பொறிச்சிருக்கும். உங்க மாடலுக்கு முன்னால் 1.60x18, பின்னால் 1.85x18 வரணும் (இஞ்சில், அகலம் x விட்டம்). அழிஞ்சிருந்தா டயரைக் கழட்டிட்டு வெர்னியர் வச்சு அளக்கணும். ரெண்டு விளிம்பின் உள்சுவருக்கு நடுவில் அளங்க: 1.60 என்றால் சுமார் 41 மி.மீ., 1.85 என்றால் 47. பலர் வெளிப்பக்கம் அளந்துட்டு “என்னோடது அகல ரிம்”னு நினைச்சுக்கிறாங்க.

110/90க்குக் குறைஞ்சது 2.15 இஞ்ச் ரிம் வேணும். அதை 1.85இல் மாட்டினா ரெண்டு பீடும் (ரிம்மில் உட்காருற டயர் ஓரம்) உள்ளே இழுபட்டு, டயரின் நடு முதுகு கூம்பிப் போகும். நேரா ஓடும்போது நடுவில் ஒரு ஒடுக்கமான பட்டைதான் ரோட்டைத் தொடும், அங்கேயே தேயும். வளைவில் சாய்க்கும்போது பக்கச்சுவர் நெளியும். அகலமான டயருக்குக் காசு கொடுத்து, ரோட்டைத் தொடுற இடத்தைக் குறைச்சுக்கிற வேலை இது.

அடுத்தது இடைவெளி. இடப்பக்கம் செயின் கார்டு, வலப்பக்கம் பிரேக் டார்க் ஆர்ம் (பிரேக் பிளேட் சுழலாமப் பிடிக்கிற கம்பி). புதுச் செயின் போட்டதும் ஆக்ஸில் முன்னால் தள்ளி நிற்கும், அந்த நிலையில்தான் இடிக்கும். அதனால ஆக்ஸிலை முழுசா முன்னே தள்ளிட்டு இடைவெளியைப் பாருங்க. 110/90இன் விட்டம் சுமார் 655 மி.மீ., 3.50க்கு 635 முதல் 640. சென்டர் ஸ்டாண்டு போட்டாலும் சக்கரம் தரையை உரசலாம்.

முன்னால் 100/90 வேண்டவே வேண்டாம். விட்டம் ஏறத்தாழ 2 செ.மீ. கூடும், அதில் பாதி மட்கார்டு பக்கம் போகும். இந்த மாடலுக்கு ஸ்பீடோ கேபிள் முன் சக்கர பிரேக் பிளேட்டிலிருந்து வருது. சக்கரம் பெரிசானா முள் குறைச்சுக் காட்டும். பிஐஇ விரைவுச்சாலையில் முள் 90இல் நிற்க, வண்டி 93இல் ஓடும், கேமராவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

உபி_சண்டே:
110 சரிப்படாதுங்கிறதை ஒத்துக்கிறேன். ஆனா பின்னால் 100/90-18 போடலாமே? கணக்குப்படி விட்டம் 637, அதாவது 3.50-18 அளவேதான். 1.85 ரிம்மில் நிறையப் பேர் ஓட்டுறாங்க. மெட்ரிக் (மி.மீ.) சைஸில் புது ரப்பர் கலவை கிடைக்கும், மழையில் பிடிப்பு நல்லா இருக்கும். பழைய பேட்டர்ன் டயர்கள் ஈரமான வெள்ளைக் கோட்டில் வழுக்கும்.

நிப்பிள்_கீ:
விட்டம் சரிதான் ப்ரோ, நான் சொல்றது அகலத்தை. 100/90க்குப் பெரும்பாலான கம்பெனி அட்டவணையில் 2.15 முதல் 2.75னு போட்டிருக்கும். நீங்க வாங்குற மாடலுக்கு அந்தக் கம்பெனியே 1.85ஐ அனுமதிச்சிருந்தா தாராளமா போடுங்க. ஓட்டுறவங்க எத்தனை பேர் என்பது கணக்கில் வராது. 4.10-18னு யாராவது நீட்டினாலும் அதே கதை, அதுவும் 104 மி.மீ. அகலம்.

முன் ரிம் 1.60க்கு 3.00-18ஐ விட்டா வேற வழி தேடாதீங்க. 90/90க்கே பொதுவா 1.85 கேட்பாங்க. 2.75 ஏறும், ஆனா அதன் சுமைக் குறியீட்டைப் பார்த்து வாங்கணும். பின் டயரில் 56S என்றிருந்தா 224 கிலோ, 180 கி.மீ. வேகம் தாங்கும், இந்த வண்டிக்குத் தாராளம். முன்னும் பின்னும் ஒரே கம்பெனி ஜோடியா எடுங்க.

பொங்கோல்_ட்வின்:
தேய்ச்சுப் பார்த்துட்டேன், 1.60, 1.85 தான். அப்போ 3.00, 3.50 ஆர்டர் பண்றேன். மாட்டும்போது வேற என்ன கவனிக்கணும்?

காக்கிபுக்கிட்_லீவர்:
முதல்ல தேதி. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம்: 2324 என்றால் 2024இன் 23ஆம் வாரம். கிளாசிக் பிளேட்டுக்கு வருஷத்துக்கு 45 நாள்தான் என்பதால், டயர் பட்டன் (மேல்பக்க வெட்டுக் கட்டிகள்) 1.6 மி.மீ.க்குத் தேயும் முன்னாடியே ரப்பர் இறுகி வெடிப்பு விட்டுடும். ஷெல்ஃபில் மூணு நாலு வருஷம் கிடந்ததைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம்.

ரிம்முக்குள் துருவைச் சுரண்டி, நிப்பிளுக்கு (ஸ்போக்கை ரிம்மில் இறுக்குற நட்டு) மேலே நீட்டிக்கிட்டிருக்கிற ஸ்போக் முனையை அரம் போட்டு ராவிட்டு, புது ரிம் ரப்பர் போடுங்க. டியூபும் அந்தந்த சைஸுக்குப் புதுசு வேணும். பழைய டியூப் நீண்டிருக்கும், உள்ளே மடிஞ்சு அந்த மடிப்பிலேயே கிழியும்.

சோப்புத் தண்ணீர் மட்டும் தடவுங்க, எண்ணெய் ஆகாது. லீவரை வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வுகிட்ட முடிக்கணும். கடைசி இழுப்பில் எதிர்ப்பக்க பீடை ரிம்மின் நடுப்பள்ளத்தில் மிதிச்சு வச்சிருந்தா லீவருக்கு அவ்வளவு பலம் தேவைப்படாது. டியூப் கடிபடுறது பெரும்பாலும் அந்தக் கடைசி நாலு இஞ்சில்தான். முடிக்கும் முன்னாடி வால்வை உள்ளே ஒரு அமுக்கு அமுக்குங்க. 40 பிஎஸ்ஐ வரை ஏத்திட்டு, டயர் ஓரத்தில் ஓடுற மெல்லிய கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் இருக்கான்னு பாருங்க. ஒரு இடத்தில் அமிழ்ந்திருந்தா காற்றை இறக்கி, மறுபடி சோப்புத் தண்ணீர் விட்டு ஏத்துங்க.

ஓட்டத்துக்கு நான் சொல்றது முன்னால் 28, பின்னால் 32 பிஎஸ்ஐ, டயர் ஆறியிருக்கும்போது அளந்து. வால்வு நட்டை ரிம்மோட இறுக்க வேண்டாம், மூடிப் பக்கம் ஏத்தி வச்சுடுங்க. டயர் ரிம்மில் நழுவினா வால்வு சாய்ஞ்சு காட்டிக் கொடுக்கும். இறுக்கி வச்சா அது வெளியே தெரியாது, வேர்ப்பக்கம் அறுந்து ஒரேயடியா காற்று போயிடும்.