மினி லேத்தில் டேப்பர் விழுகிறது, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். திருவான்மியூர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே சின்ன லேத் வைத்து நீராவி எஞ்சின் மாடல் செய்துவருகிறேன். 20 மி.மீ. இரும்புக் கம்பியைச் சக்கில் (கம்பியைப் பிடித்துச் சுழற்றும் பிடி) மட்டும் பிடித்து 80 மி.மீ. கடைந்தால், வெளி முனை 0.06 மி.மீ. கூடுதல் பருமனாக, அதாவது டேப்பராக, வருகிறது. கம்பி வளைந்து கொடுக்கிறதோ என்று வெட்டும் டூலை நன்றாகத் தீட்டி, வெட்டு ஆழத்தை மாற்றாமல் இரண்டு முறை ஓட்டினேன். அப்புறமும் அதே அளவுதான். டெயில்ஸ்டாக் (கம்பியின் வெளி முனையைத் தாங்கும் பகுதி) போடவே இல்லை, அதனால் பழி அதன்மேல் இல்லை.

லேத்தை மரப்பலகையில் நான்கு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன். மழையில் பலகை ஊதியதிலிருந்துதான் இந்தத் தொல்லை. பெட் (லேத்தின் நீளமான அடிப்பகுதி) முறுக்கியிருக்குமா, ஹெட்ஸ்டாக் (சக்கைச் சுழற்றும் தலைப்பகுதி) திரும்பியிருக்குமா? ஹெட்ஸ்டாக்கைத் தொடப் பயமாக இருக்கிறது. போல்ட்டைத் தளர்த்தி அடியில் ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) வைத்தால் போதுமா? ஷிம் தகடு லிங்கிச் செட்டித் தெருவில் சில்லறையாகக் கிடைக்குமா? அம்பத்தூர், கிண்டிப் பக்கம் லேத் ஓட்டிய அண்ணன்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.