இறந்த யானையின் கொம்பை அரசு விற்கலாமா?

தக்கலைக்காரன்:
தானாகச் செத்த யானைகளின் கொம்புகள் வனத்துறைக் கிடங்குகளில் பூட்டிக் கிடக்கின்றன. ஏலம் விட்டு, வாழையும் ரப்பரும் இழந்த மலையடிவார விவசாயிகளுக்கு அந்தப் பணத்தைக் கொடுக்கலாமே? என் தாத்தா யானைக்கொம்பு வேலை செய்தவர். திருவிதாங்கூரிலிருந்து விக்டோரியா மகாராணிக்குத் தந்தச் சிம்மாசனமே போனது. சட்டம் வந்து அந்தத் தொழிலையே முடித்துவிட்டது.

கீரிப்பாறை வாசி:
அண்ணே, தாத்தாவின் கைவேலைமேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் 1986-ல் நம் நாட்டு யானைத் தந்த வியாபாரத்தை மட்டும் தடை செய்து, ஆப்பிரிக்கத் தந்தத்தை விட்டுவைத்தார்கள். செதுக்கி மெருகு போட்ட பிறகு அது எந்தக் காட்டுக் கொம்பு என்று கடையில் யார் பார்த்துச் சொல்வது? அந்த ஓட்டையை 1991-ல்தான் அடைத்தார்கள். நீங்கள் கேட்கும் ஏலம் அதைத் திரும்பத் திறந்துவிடும்.

தக்கலைக்காரன்:
இப்போது முத்திரை, எண், மரபணுப் பரிசோதனை எல்லாம் இருக்கிறது. வெளிநாடுகளில் அனுமதியோடு விற்கவில்லையா?

கீரிப்பாறை வாசி:
விற்றார்கள். 2008-ல் 4 ஆப்பிரிக்க நாடுகள் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் 100 டன்னுக்கு மேல் விற்றன. அடுத்த சில வருடங்களில் ஆப்பிரிக்காவில் யானை வேட்டை மிக மோசமானது. விற்பனைதான் காரணமா என்று ஆய்வாளர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள், சரி. ஆனால் 2017 முடிவில் சீனாவே தன் தந்தச் சந்தையை மூடிவிட்டதே. முத்திரை முழுக் கொம்பில் இருக்கும். அறுத்து வளையல் ஆக்கிய பிறகு?

இன்னொன்று. நம் யானைகளில் ஆணுக்குத்தான் கொம்பு, அதனால் கொம்பனாகப் பார்த்துச் சுடுகிறார்கள். கொம்பின் அடிப்பகுதி மண்டைக்குள் இருப்பதால் கொல்லாமல் முழுசாக எடுக்க முடியாது. 1980-களில் பெரியாறு காட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பெண் யானைகளுக்கு ஒரு ஆண் என்ற நிலை வந்தது. அந்தக் காடு இருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்கு முனைதான் நம் குமரி மாவட்ட மலை.

பேச்சிப்பாறை:
நான் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. யானைத் தடம் கண்டால் அன்றைக்கு வெட்டு இல்லை, கூலியும் இல்லை. வாழை போன பக்கத்து வீட்டுக்காரர் நஷ்டஈட்டுக்கு மாதக்கணக்கில் அலைந்தார். அப்படியும் ஏலம் வேண்டாம் என்பேன். கொம்புக்கு விலை வந்தால் துப்பாக்கிக்காரன் எங்கள் பாதை வழியாகத்தான் வருவான். 2022-ல் அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவித்தார்கள், நல்லது. அப்புறம் காட்டை அறிந்த காணிக்காரப் பழங்குடி மக்களை வேட்டைத் தடுப்புக் காவலர்களாக இன்னும் நிறையச் சேர்த்து, மாதாமாதம் ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கட்டும்.

தக்கலைக்காரன்:
நஷ்டஈடு தாமதமில்லாமல் வரும் என்றால் ஏலப் பேச்சை விட்டுவிடுகிறேன். ஆனால் கென்யா 2016-ல் 105 டன்னை எரித்ததுபோல இங்கே எரிக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். பள்ளிப் பிள்ளைகள் பார்க்க அருங்காட்சியகத்தில் வையுங்கள்.