பாண்ட் குழுவில் புல்லாங்குழல் பழகும் சிறு பிள்ளைகளுக்கு ஒலி வரவில்லை: எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி: வலிகாமத்துப் பாடசாலையொன்றின் ஆசிரியை

வணக்கம். எங்கள் பாடசாலையின் மேலைத்தேய பாண்ட் வாத்தியக் குழுவில் தரம் 6, தரம் 7 பிள்ளைகள் அறுவரைப் புல்லாங்குழலுக்குச் சேர்த்திருக்கிறோம். நான் வாய்ப்பாட்டு ஆசிரியை. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்திய அனுபவம் உண்டே தவிர, சாவிகள் பூட்டிய இந்த உலோகக் குழலை நானும் இப்போதுதான் பழகுகிறேன். மூன்று கிழமைகள் கடந்தும் இருவருக்கு மட்டுமே ஒலி ஒழுங்காக வருகிறது. மற்றவர்கள் கன்னம் உப்ப ஊதுகிறார்கள். வெறும் காற்றோசைதான் கேட்கிறது, பத்து நிமிடத்தில் தலை சுற்றுகிறது என்று கதிரையில் இருந்துவிடுகிறார்கள். ஒரு பிள்ளை தனக்கு மூச்சுப் போதாது என்று தானே முடிவு செய்து, மேளத்துக்கு மாற்றிவிடும்படி கேட்டு அழுதாள். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஏழு கிழமைகள் இருக்கின்றன. தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற பாண்ட் பயிற்றுநர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அந்தப் பிள்ளைக்கு மூச்சுப் போதவில்லை என்பதை நான் நம்பவில்லை. பெரும்பாலும் மூச்சு மிதமிஞ்சிப் போவதே சிக்கல். இக்குழலில் நாதஸ்வரத்தின் சீவாளி போன்ற நாணல் இல்லை. உதட்டிலிருந்து புறப்படும் மெல்லிய காற்றுக்கீற்று ஊதுதுளையின் எதிர் விளிம்பில் பட்டு, உள்ளும் வெளியுமாக மாறி மாறிப் பாய்வதால்தான் ஒலி பிறக்கிறது. உதடுகள் அகலத் திறந்திருந்தால் காற்று முழுவதும் வீணாகும். பிள்ளை இன்னும் பலமாக ஊதும். உடம்பிலிருந்து காபனீரொட்சைட்டு வேகமாக வெளியேறித் தலை சுற்றும். அவ்வேளையில் குழலை வைத்துவிட்டுச் சாதாரணமாக மூச்சுவிடச் செய்யுங்கள். அரை மணி நேரம் தொடர்ந்து ஊதுவதைவிட, ஐந்து நிமிடப் பயிற்சியை இடைவெளி விட்டு நான்கு முறை செய்வது சிறு பிள்ளைகளுக்கு உகந்தது.

முழுக்குழலையும் ஒரு கிழமைக்குப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, ஊதுதுளை உள்ள தலைப்பகுதியை மட்டும் கையில் கொடுங்கள். திறந்த முனையை வலது உள்ளங்கையால் மூடி ஊதினால் தாழ்ந்த ஒலியும், கையை எடுத்தால் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி மேலேயும் கேட்கும். மூடி ஊதுவதே பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதலில் எளிதாக வரும். கீழுதடு ஊதுதுளையின் கால்பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை மூடியிருக்கட்டும். உதட்டைப் பார்த்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் சிறு முகக்கண்ணாடி ஒன்று கொடுங்கள். மேலுதட்டின் நடுவில் சிறு சதைமுனை தொங்கும் பிள்ளைகளுக்குக் காற்று நடுவில் பிளந்து போகும். அவர்கள் சற்றுப் பக்கமாக ஊதுவது குற்றமன்று, அதைத் திருத்த முயல வேண்டாம்.

இன்னொன்றையும் அனுபவத்தில் கண்டேன். ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாவால் தொடங்குவதை மேலைத்தேயப் புத்தகங்கள் ‘டூ’ என்று சொல்லித் தரும். நம் பிள்ளைகள் அதைத் தமிழ் ‘ட’கரமாக எண்ணி நாவை மேலே மடித்துவிடுகிறார்கள். ‘தூ’ என்று சொல்லச் சொன்னால் நா முன்பல்லின் பின்புறத்தில் தானே போய் நிற்கிறது.

மறுமொழி 2: பழைய மாணவன், கொழும்பில் கிளாரினெட் வாசிப்பவர்

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பாண்ட் புத்தகங்கள் பெரும்பாலும் பி ஃபிளாட் சுருதியில் தொடங்குவது ட்ரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் வசதியாக அமைந்தது. அவற்றை வாசிப்பவர்களுக்கு அது சி என்றே எழுதப்படுகிறது. புல்லாங்குழல் பிள்ளைக்கோ அந்த வரிசையில் பி ஃபிளாட்டை அடுத்து உடனே சி என்ற ஸ்வரம் வரும். அதை வாசிக்கும்போது இடது சுட்டுவிரலும் வலது சின்னவிரலும் மட்டுமே சாவிகளை அழுத்துவதால் குழல் கையில் உருளும். அடுத்து வரும் டிக்கு அநேகமாக எல்லா விரல்களும் ஒரே நொடியில் இடம் மாற வேண்டும். ஆகவே புல்லாங்குழல் பிள்ளைகளை இரண்டு கிழமைகள் தனியே வைத்து பி, ஏ, ஜி மூன்றையும் இடது கையால் பழக்குங்கள், வலது சின்னவிரல் தன் சாவியில் இருக்கட்டும்.

நீங்கள் வாய்ப்பாட்டு ஆசிரியை என்பது இங்கே பெரிய பலம். ஜியை ஷட்ஜமாகக் கொண்டால் ஜி, ஏ, பி மூன்றும் ச, ரி, க ஆகின்றன. மேலே டி, இ இரண்டையும் சேர்த்தால் மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களும் கிடைத்துவிடும். பிள்ளைகள் பாடிப் பழகிய ராகம் என்பதால், ஸ்வரம் பிசகினால் அவர்களின் காதே சொல்லிவிடும்.

மறுமொழி 3: மருதனார்மடத்தில் கர்நாடகப் புல்லாங்குழல் பயின்றவர்

தம்பி சொல்வது நல்ல வழிதான். ஆனால் ஒரு எச்சரிக்கை. ச, ரி, க என்று மட்டுமே பழகிய பிள்ளை, பாண்ட் சுருதி மாறும்போது ஷட்ஜமும் இடம் மாறுவதால் இசைத்தாளைப் பார்த்துத் தடுமாறும். ஆகவே முதல் நாளிலிருந்தே இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூங்கில் குழலில் விரலைச் சரித்துக் கமகம் பிடித்தவர்களும் உங்கள் குழுவில் இருக்கக்கூடும். மூடிய சாவிகளில் துளையைப் பாதி திறக்க வழியில்லை.

மைதானத்தையும் மறந்துவிட வேண்டாம். வாடைக்காற்று வீசும் காலத்தில் உதட்டிலிருந்து புறப்படும் கீற்றைக் காற்றே அடித்துக்கொண்டு போய்விடும். விறாந்தையில் நன்றாக வாசித்த பிள்ளை திறந்தவெளியில் ஊமையாகி நின்றால் அது அவள் பிழையன்று. பயிற்சியைச் சுவர் மறைவில் தொடங்கிச் சிறிது சிறிதாக வெளியே கொண்டுவாருங்கள்.

கேட்டவர் மீண்டும் (பதினொரு நாள்களின் பின்)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தலைப்பகுதியை மட்டும் கொடுத்தபோது, அழுத அந்தப் பிள்ளைதான் முதலில் தெளிவாக ஊதினாள். முழுக்குழலைப் பூட்டியதும் பி மட்டும் வந்தது. ஏயும் ஜியும் மீண்டும் காற்றாகவே கேட்டன. நல்ல ஒலியுள்ள மற்றொரு மாணவியிடம் அதே குழலைக் கொடுத்துப் பார்த்தோம், அவளாலும் முடியவில்லை. சாவிக்கு அடியில் மெல்லிய தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தபோது, இடதுகைச் சாவியொன்றின் அடியில் துளையை மூடும் மெத்தையின் ஓரம் சிதைந்து, தாள் தடையின்றி நழுவி வந்தது. மூன்று கிழமைகளாகப் பிள்ளையையே பிழையாக நினைத்திருந்தேன். அவளிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

இப்போது அவள் வேறொரு குழலில் வாசிக்கிறாள். ஐவருக்கு மூன்று ஸ்வரங்கள் வந்துவிட்டன, ஒருவர் இன்னும் தலைப்பகுதியோடு இருக்கிறார். அணிநடைக்கு ஜி, ஏ, பி மட்டும் கொண்ட எளிய பகுதி ஒன்றைத் தனியாக எழுதியிருக்கிறேன். குழலின் மெத்தையை யாழ்ப்பாணத்திலேயே மாற்றித் தரக்கூடியவர் எவரேனும் உண்டா?

மறுமொழி 1, மீண்டும்

நாதஸ்வரம், ஹார்மோனியம் திருத்துபவர்களிடம் இதைக் கொடுக்க வேண்டாம். சாவியின் கம்பி சிறிது வளைந்தாலும் மற்றச் சாவிகளும் மூடாமல் போகும். கொழும்புக்கு அனுப்புவதே நல்லது. அதுவரை மற்ற ஐந்து குழல்களையும் அதே தாளால் சோதியுங்கள். சீனி போட்ட தேநீர் குடித்த பிள்ளைகள் வாய் கொப்பளித்த பின்பே ஊதட்டும். சீனி ஒட்டிய மெத்தைகள் விரைவில் கிழிந்துவிடும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் உட்புறத்தைத் துடைத்த பிறகே பெட்டியை மூடச் சொல்லுங்கள்.