கலைச்சொல் உதவி: ஒரே வரியில் இரண்டு ‘ஆக்சிஜனேற்றம்’

நண்பர்களே,
சிப்பி ஆய்வுக்கூடக் கையேடு நாளை மாலை அச்சுக்குப் போகிறது. ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன். நீர் வற்றினால் சிப்பி ஓட்டை இறுக மூடி, ஆக்சிஜன் இல்லாமலே காலம் தள்ளும். நீர் ஏறியதும் திறக்கும். ஆக்சிஜன் திரும்பும் அந்தச் சமயத்தில்தான் உயிரணுவின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில், சூப்பராக்சைடு என்னும் தீவிர ஆக்சிஜன் வடிவம் பெருகிக் கொழுப்பையும் புரதத்தையும் தாக்குகிறது. நான் எழுதியது: “மறு ஆக்சிஜனேற்றத்தால் ஆக்சிஜனேற்ற அழுத்தம் உண்டாகிறது.” முதலாவது வளி வந்து சேர்வது, இரண்டாவது எலக்ட்ரான் பறிபோவது. மாணவர் எப்படிப் பிரித்தறிவார்?

மறுமொழி:
‘உயிர்வளியேற்றம்’ என்றால் இன்னும் மோசம், தொட்டியில் குமிழி விடுவதாக நினைப்பார்கள். இலங்கைப் பாடநூல்களின் ‘ஒட்சியேற்றம்’ இருக்கிறதே! இலக்கணமும் அதன் பக்கம்தான். ககர மெய்யை அடுத்துக் ககரம்தான் வரும், ஆகவே ‘க்ச’ மயங்காது, அதாவது சேர்ந்து வராது. ‘ட்ச’வோ காட்சி, ஆட்சி போல இயல்பாக மயங்கும். இரண்டாவதற்கு ஒட்சியேற்றம், அதைத் தடுக்கும் பொருளுக்கு (antioxidant) ‘ஒட்சியெதிரி’.

மறுமொழி:
ஒட்சியும் கிரேக்கம்தானே ஐயா? அதன் வேருக்குக் கூர்மை, புளிப்பு என்று பொருள். அமிலங்களையெல்லாம் பிறப்பிப்பது இவ்வளியே என்று தவறாக நம்பி லவாய்சியே வைத்த பெயர். தமிழில் ‘புளிமம்’ என்போம், புளிமமேற்றம், புளிமவெதிரி…

மறுமொழி:
அவர் பிழையை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்? புளியை விடுங்கள், ‘எதிரி’யைப் பாருங்கள். தடுக்கும் நொதிகளில் ஒன்றான சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக்கும். இன்னொரு நொதியான கேட்டலேஸ் அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிளக்கும். 240 நானோமீட்டர் புறஊதா ஒளியில் கேட்டலேஸை அளக்கும்போது பெராக்சைடு கூடிப்போனால், ஆக்சிஜன் குமிழிகள் குவெட் (அளவீட்டுக் குப்பி) சுவரில் ஒட்டி அளவீடு தாறுமாறாகும். இந்த நொதியைப் போய் ‘ஆக்சிஜன் எதிரி’ என்று சுருக்கினால் நகைப்புதான். எலக்ட்ரான் பறிபோவதற்கு ‘ஆக்சிகரணம்’, அதைத் தடுப்பதற்கு ‘ஆக்சிகரணத் தடுப்பி’ போதும். ‘அழுத்தம்’ வேண்டாம், கையேட்டில் நீரழுத்தமும் வரும். ‘தகைவு’ பொறியியலார் சொத்து. ‘நெருக்கடி’ என்றால் எவருக்கும் புரியும். கையேட்டிலுள்ள ‘சகிப்புத்தன்மை’யையும் ‘தாங்குதிறன்’ ஆக்குங்கள். சிப்பி பொறுமை காப்பதில்லை.

மறுமொழி:
‘கரணம்’ வடமொழி என்று யாருக்கும் உறுத்தவில்லையா?

முதல் மடல்காரர்:
உறுத்துகிறது, ஆனால் நேரமில்லை. “ஆக்சிஜன் மீள்வரவால் ஆக்சிகரண நெருக்கடி உண்டாகிறது” என்று போட்டுவிட்டேன். பெரும்பான்மை அதுதான். ஒட்சியேற்றம் அடிக்குறிப்பில் இருக்கும். சிப்பி போல் இரண்டு ஓடுள்ளதற்கு எழுதியிருந்த ‘ஈரோட்டு உயிரி’ ஊர்ப்பெயர் போல் ஒலிக்கிறது என்று ஒருவர் சொன்னதால் ‘இருவோட்டு உயிரி’ ஆக்கினேன்.

மறுமொழி:
அடிக்குறிப்பிலா? ஒட்சியை ஒதுக்கியதற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ‘இரு’ உயிரெழுத்தின் முன் ‘ஈர்’ ஆகும் என்பதையும் சேர்த்து.