புதுப்பிப்பு: 194 கட்-ஆஃப், சாய்ஸ் பட்டியல், கடைசியில் கிடைத்த இடம்

மகளுக்கு 194 கட்-ஆஃப் (கணிதம், இயற்பியல், வேதியியலைச் சேர்த்து 200-க்குக் கணக்கிடும் மதிப்பெண்), பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) பிரிவு, கிண்டி பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறெதையும் எழுத மாட்டேன் என்கிறாள், டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) கலந்தாய்வுக்கான சாய்ஸ், அதாவது விருப்பக் கல்லூரிப் பட்டியலை எப்படிப் போடுவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) இன்ஸ்ட்ருமென்டேஷன் கிடைத்திருக்கிறது.

கைகொடுத்தது, "மார்க்கை விடுங்க, ரேங்க்கைப் பாருங்க" என்ற யோசனைதான். பிளஸ் டூ மதிப்பெண்கள் ஏறி இறங்குவதால் போன வருடக் கட்-ஆஃபை அப்படியே நம்ப முடியாது. அவளுடைய பொது ரேங்க், சமூக ரேங்க் (பி.சி. பிரிவுக்குள் அவள் இடம்) இரண்டையும் போன வருடம் இடங்கள் எந்த ரேங்க் வரை போயின என்பதோடு ஒப்பிட்டோம். கிண்டியை அழிக்கவில்லை, முதலிலேயே வைத்தோம். எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் கொடுக்கலாம், மேலே ஆசைப்பட்டதைப் போடுவதால் கீழே உள்ளது பறிபோகாது. அதன் கீழே எம்.ஐ.டி., அப்புறம் கோவை, மதுரை. விடுதிக்குப் போகமாட்டேன் என்று முனகிக்கொண்டேதான் கடைசி இரண்டையும் டைப் செய்தாள்.

எதிர்பாராத விஷயம் ஒன்று. ரேண்டம் எண் (சமமாக இருப்பவர்களை வரிசைப்படுத்தக் கணினி தரும் எண், பெரியதுக்கே முன்னுரிமை) சின்னதாக வந்ததும் வீடே கவலைப்பட்டது. வீண் கவலை! ஒரே கட்-ஆஃப் என்றால் முதலில் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல். ரேண்டம் எண்ணுக்கு வேலை கடைசியில்தான்.

முதலில் ஒதுக்கியது கோவைக் கல்லூரி. 'ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிக் காத்திருக்கிறேன்' என்பதைத் தேர்ந்தெடுத்தோம், எம்.ஐ.டி. வந்தது. இப்படிக் காத்திருப்பவர்கள் பணத்தைக் கல்லூரியில் கட்டக்கூடாது, டி.என்.இ.ஏ. சேவை மையத்தில் கட்ட வேண்டும்.